அடி தெரிந்த தண்ணீர்

மதுவைத் தண்ணீரில் இறங்கச் சொன்னவன் நான்! அவளைக் காப்பாற்றியவன் என்று எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பொய்யில்லை... ஆனால் அது நடந்ததில் பின்பாதி மட்டுமே.

மது என் அக்காவின் மகள். அன்று அவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கடற்கரையோர விடுதியொன்றில், நீச்சல் குளத்தோடு, ஒரு பகலுக்கு இடம் எடுத்திருந்தோம். குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் நிறையப் பேர். அதுதான் வினை! மற்றவர் பார்ப்பார் என்று ஆளுக்கு ஆள் இருந்துவிட்டோம்.

கேக் எடுக்க உள்ளே போன அக்கா, "தம்பி, புள்ளையப் பாத்துக்க" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

மது குளத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள்: "மாமா, இதுக்குள்ள இறங்கட்டா?"

குனிந்து பார்த்தேன். நீலத் தரை பளிச்சென்று தெரிந்தது. "அடி தெரியுதுதானே புள்ள... இறங்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்களும் வாவிக்கரையில் வளர்ந்திருந்தால் விளங்கும். எங்கள் வாவித் தண்ணீர் கலங்கல். அடிமணல் தெரிந்தால் முழங்காலளவு, தெரியாவிட்டால் ஆழம். வலை வீசப் பழகிய நாளிலிருந்து இந்தக் கணக்கு எனக்குப் பிழைத்ததில்லை. மருந்து போட்டுத் தெளியவைத்த தண்ணீருக்கு அது செல்லுமா என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை! போன் அடித்தது. திரும்பி நின்று பேசினேன்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. இன்றுவரை என்னைக் குடைவது அதுதான்... மூழ்குகிற பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! வாயில் தண்ணீர் ஏறினால் கத்த மூச்சு ஏது? நான் திரும்பியபோது மதுவின் மஞ்சள் சட்டை தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. பாய்ந்தேன். எனக்கே கழுத்தளவு ஆழம்!

வெளியே தூக்கியதும் இருமினாள், வாந்தியெடுத்தாள், அழுதாள். ஆசுபத்திரியில் ஓரிரவு வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"நீ இல்லாட்டி என்ட புள்ள இல்ல தம்பி!" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும் மதுவின் முதுகில் ஒன்று வைத்தாள். "ஆரக் கேட்டு இறங்கின நீ? சொல்லு!"

மது என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் வாய் திறக்காதது வெட்கத்தால். அவள் ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டாளா? மாமாவுக்கும் ஏச்சு விழும் என்று பயந்தாளா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தெரியுமா...?

பிறகொரு நாள் தோணி தள்ளும் கம்போடு அந்த விடுதிக்குத் தனியே போனேன். அதைக் குளத்தில் இங்குமங்கும் இறக்கி ஆழம் பார்த்தேன். ஆழமான பக்கமும் ஆழமற்ற பக்கமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன! எவ்வளவு ஆழம் என்று சுவரில் எழுதியும் இருந்தது. அன்று நான் அதை வாசிக்கவேயில்லை.

இப்போது காண்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: பிள்ளை தண்ணீரில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

போன கிழமை அக்கா வந்தாள். மதுவின் தம்பிக்கு நீந்தப் பழக ஆசையாம். "வேற ஆரோடயும் விடமாட்டன். நீ பக்கத்துல நிண்டா எனக்குப் பயமில்ல."

வாசலில் நின்ற மது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா" என்று தலையாட்டினேன்.