போகிக்குச் சுரண்டிய பெயின்ட்

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, டில்லியில் மந்திர் மார்க் பக்கத்தில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து வீடு. கதவு, ஜன்னலெல்லாம் பச்சைப் பெயின்ட். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை பூச்சு என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் உப்பி, அப்பளம் போல உதிரும். என் கணவர் மத்திய அரசில் கிளார்க். வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வீடு என்று தலைகால் புரியாமல் திரிந்தார். நானும்தான் பூரித்துப்போனேன், பொய் சொல்வானேன்.

ஜன்னல் விளிம்பில் உட்காரவைத்து, தெருவில் போகிற டாங்கா குதிரைவண்டியைக் காட்டித்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவேன். வாய்க்கு வாய் நடுவில் பெயின்ட் செதிலைப் பிய்த்துத் தின்பாள். கையைத் தட்டிவிடுவேன். மண் தின்னாத குழந்தை உண்டா என்று அதோடு மறந்தும்விடுவேன்.

அந்த வருஷம் போகிக்கு வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பராமரிப்பு ஆபீஸ் ஆட்கள் வந்தால் அழுக்கின் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். நாமே சுரண்டிவைத்தால் நன்றாகப் பிடிக்குமே என்று உப்புத்தாளை எடுத்தேன். ஜனவரிக் குளிர், எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. மூன்று நாள் தேய்த்தேன். வீடு முழுக்கப் பச்சை மாவு. அவள் அதில் தவழ்ந்து, விரலால் கோலம் போட்டு, விரலைச் சூப்பினாள். நான் பார்த்துச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பங்குனிக்குள் குழந்தை வெளுத்துப்போனாள். சாப்பிட மாட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். 'அப்பா', 'காக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டுவிட்டாள். டிஸ்பென்சரி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பூச்சி மருந்து எழுதினார். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் அதே மருந்து. தெரிந்த தமிழ்க் குடும்பத்து அம்மாக்கள் திருஷ்டி என்றார்கள். மிளகாயும் சுற்றிப்போட்டேன். பிறகு ஒரு காலை அவளுக்கு வலிப்பு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "வீடு பழசா? பெயின்ட் தின்பாளா?" எக்ஸ்ரேயில் குழந்தையின் வயிறெங்கும் வெள்ளைப் புள்ளிகள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறது, அது குழந்தையின் மூளையைத் தாக்கும் என்றாள். உலர்ந்த பெயின்டைச் சுரண்டவே கூடாதாம், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டுமாம். "யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். யார் சொல்வார்கள்? வீட்டைக் கொடுத்தவன் மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினானே, அவன் சொன்னானா?

ஊசிகள் போட்டுப் பிழைத்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் காலைப் பிடித்துக்கொண்டவள் நான்.

அந்தக் கையோடு பராமரிப்பு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் டீயை உறிஞ்சிக்கொண்டே இந்தியில் சொன்னார்: "பஹன்ஜி, கதவு திறந்து மூடத்தான், நக்குறதுக்கு இல்லை. குழந்தையைப் பார்த்துக்க வேண்டியது உங்க வேலை." மேஜையில் ஓங்கி அடித்தேன், டீ கொட்டியது. என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்டார்!

"சத்தம் போட்டா குவார்ட்டர்ஸ் கையைவிட்டுப் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் தெருவில்.

"போகட்டுமே! புள்ளையவிட வீடா பெருசு உங்களுக்கு?"

ஒரு வாரத்தில் அவர் தன் அதிகாரியிடம் கெஞ்சிச் சிபாரிசு வாங்கிவந்தார். ஆர்.கே.புரத்தில் புதிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

நாங்கள் கிளம்பிய அன்றே, அடுத்த குடும்பம் டிரங்குப் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றது. அந்தப் பெண்ணின் இடுப்பில் தவழும் வயதில் ஒரு குழந்தை. முதல் நாள்தான் ஆபீஸ் ஆட்கள் வந்து பழைய பெயின்டின் மேலேயே புதுப் பச்சையைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். வீடு என்னமாய் மின்னுகிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், வலிப்பு, ஊசி, ஈரத்துணி, ஒன்றுவிடாமல். என் மகளைத் தூக்கிக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ நாங்க எங்க போறது, பஹன்ஜி?"

எங்களுக்குச் சிபாரிசு செய்ய ஓர் அதிகாரி இருந்தார். அவளுக்கு யார் இருந்தார்கள்?

என் கணவர், "அச்சா கர் ஹை" என்று அவள் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வீடாம்! அவரைக் கடித்துக் குதறலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால், இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தது நான்தான்.