சந்தனம் அண்ணனும் ஊமையான தாளமும்

திங்கட்கிழமை காலை மடுல்கெல்ல பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது புஷ்பராணி போன் செய்தாள். "சந்தனம் அண்ணே போயிட்டாரு" என்றாள். எங்கே என்று கேட்ட என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

பல்லேகலயில் எங்களோடு கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மெஷின் திருத்துவது அவர் தொழில். தொழிற்சாலையின் பாண்ட் வாத்தியக் குழு அவர் கிறுக்கு. குழுவுக்கு ஒரு சோடி பெரிய பித்தளைத் தாளம் வந்த நாளிலிருந்து மனிதர் அதன் பெயரைத் தேடி அலைந்தார். பன்வில பஜனைக்காரர்கள் ஜால்ரா என்றார்கள். பெரஹெரா ஊர்வலத்தில் ஆடும் சிங்கள நண்பர், தங்களுடைய சின்னத் தாளத்துக்குத் தாலம்பட என்று பெயர் என்றார். 'சிம்பல்' என்ற ஆங்கிலச் சொல்லை நூலகத்து அகராதியில் துரத்திப்போனவர், கிண்ணத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லில் போய் நின்றார். மறுநாளே தாளத்தை மல்லாத்தி நடுக்குழியில் பால் விடாத பிளேன்டீ ஊற்றினார். வார் கோத்த துளை வழியாக ஒழுகி என் வெள்ளைச் சட்டை பாழ். "கிண்ணந்தான், ஆனா ஓட்டக் கிண்ணம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

தாளம் புஷ்பராணியின் கையில் இருந்தது. நாளெல்லாம் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தவள் நிமிர்ந்து நின்றது அந்தக் குழுவில்தான். நானோ சின்ன வயதில் பஜனையில் ஜால்ரா தட்டிய பெருமைக்காரன். தொழிற்சாலை விளையாட்டுப் போட்டியன்று, அணிவகுப்புக்குச் சற்று முன் அவளைக் கூப்பிட்டு, சரித்துத் தட்டாதே, இரண்டையும் நேருக்கு நேர் ஒட்ட அடி என்றேன். அப்படியே அடித்தாள். 'டப்' என்றொரு சத்தம். இரண்டும் ஒட்டிக்கொள்ள, பிரிக்க முடியாமல் தவித்தாள். மைதானமே சிரித்தது. மனேஜர் அவளைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். நான் கூட்டத்தோடு கலந்துகொண்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கத் தாளங்களை நேராகவும் சரித்தும் அடித்துப் பார்த்தார். நேராக மோதினால் நடுவில் காற்றுச் சிக்கி ஊமையாகிவிடுகிறது என்று கண்டதும் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பிறகுதான், இப்படி அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். புஷ்பராணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

நேரே மனேஜரிடம் போனார்.

"சேர், நான்தான் பிழையாச் சொல்லிக் குடுத்தேன். நீக்குறதுன்னா என்னைய நீக்குங்க."

நீக்கினார்கள். ஒரு வருடம் குழுப்பக்கம் அவரை விடவில்லை. புஷ்பராணி தொடர்ந்து வாசித்தாள். மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம், "காத்து அடைபடும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்ல" என்றார். வெட்கத்தில் செத்தேன்.

நேற்று மரண வீட்டிலும் ஒருவர், சந்தனம் தாளம் பழக்கிய லட்சணத்தைச் செல்லமாகச் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதனால்தான், அன்று கூட வேலை செய்த உங்களுக்கெல்லாம் இதை எழுதுகிறேன். அண்ணனின் ஸ்பேனர்கள் மகனிடம் இருக்கட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பிழை ஒன்றைத்தான். அது என்னுடையது.