வடலூர்ப் பெண்ணுக்கு வைத்த சைவ விருந்து

2008இல் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த செல்விக்கு வடலூர். எனக்கு அவளைப் பிடித்திருந்தது; அவளுக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் தெரியவில்லை. மாடியில் குடியிருந்த நான், கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

வடலூர் என்றாலே சைவம்தான் என்று எனக்கு நினைப்பு. மதியத்துக்கு அவள் கொண்டுவருவதும் தயிர்சாதம். நானோ கடலூர் துறைமுகத்துக்காரன், என் சட்டியெல்லாம் கவுச்சி. அதனால் புதுச்சட்டி வாங்கி, கத்தரிக்காய் கொத்சு வைத்து, சம்பா சாதம் கிளறினேன்.

செல்வி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"மீன் எங்க?"

"நீங்க சைவம்னு நெனச்சேன்..."

"யாரு சொன்னா?"

"வடலூராச்சே!"

"ஏன், வடலூர்ல மீனே விக்காதா? தயிர்சாதம் ஹாஸ்டல்ல குடுக்குறாங்க, துன்றேன். கடலூர்க்காரர் கூப்புட்டாரேன்னு மதியம் அரை வயிறுதான் சாப்புட்டேன்!"

"உங்களுக்காக மீனையே விட்டுடலாம்னு இருந்தேங்க" என்று உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"நீங்க விட்டுட்டா, எனக்கு யாரு மீன் கொழம்பு வெச்சுத் தர்றது?"

அதன்பிறகு ஊர்ப் பெயரை வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கேட்காமல் விட்டதை நினைத்தால், இன்றுவரை சந்தோஷமாகத்தான் இருக்கிறது.