ரிகோ போகும் வழியில் கொதித்த கார்

மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் பியர்பொன்ட்ஸிலிருந்து ரிகோவில் மாதா கோயில் இருக்கும் மலைக்குப் போனோம். ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம் போதும். எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் பிடித்தது. பழைய காரில் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நான் மட்டக்களப்புச் சைவக்காரி. மாதாவிடம் எனக்கு நேர்த்தி ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவுக்காகத்தான் போனேன். அக்கா மன்னார். அவருடைய கணவர் அந்தோனி அண்ணை பெப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார். லைசென்ஸ் இருந்தும் அக்கா பதினொரு வருடம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ஓட்டம் எல்லாம் அண்ணைதான். மகன் காரை விற்கச் சொல்லி, மறுநாள் ஞாயிறு பார்க்க வர ஆளும் பிடித்துவிட்டான். கார் போனால் அக்காவுக்கு வேலைக்கு இரண்டு பஸ், ஒன்றேகால் மணித்தியாலம்.

"ரிகோவுக்கு நானே ஓடிப் பாக்கிறன். ஏலாட்டி விக்கட்டும்" என்றார். இரண்டு வாரம் கோயிலுக்கும் கடைக்கும் ஓடிப் பழகியிருந்தார். துணைக்கு நான்.

காலை 8.30க்குப் புறப்பட்டோம். வருடத்தின் முதல் கடும் வெயில், 29 பாகை. நாற்பதாம் நெடுஞ்சாலையில் அக்கா எண்பதில் ஓட, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். நான் திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டு வந்தேன். இல்-ஓ-தூர்த் பாலத்தில் திருத்தவேலை, 9.05இலிருந்து ஊர்ந்தோம். அரை மணியில் வெப்பமுள் சிவப்பை நெருங்கியது. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகப் போட்டோம். (சிரிக்காதீர்கள், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் உள்ளே இழுத்துவிடும்.) நாங்கள் அவிந்தோம், முள் கொஞ்சம் இறங்கியது. பாலம் கடந்ததும் வோத்ரேயில் வெளியேறி ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தினோம்.

"நான் ஓடின பிழையோ தங்கச்சி?"

"பாலத்தில ஊர்ந்ததுக்கு நீங்க என்ன செய்யிற அக்கா?"

"அவர் ஓடேக்க ஒருநாளும் இப்பிடிச் சுட்டதில்லை. அவன் விக்கட்டும், எனக்கு ஏலாது."

சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

நாற்பது நிமிடம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் கார் உதறியது. இழுவை இல்லை, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மின்னினால் தூரம் ஓடக்கூடாது. நல்லகாலம், வீதிக்கு எதிர்ப்பக்கத்திலேயே ஒரு கராஜ் இருந்தது.

கராஜ்காரர் லுக்குக்கு அறுபது வயதிருக்கும். பொன்ஜூருக்குப் பிறகு என் பிரெஞ்சும் அவருடைய ஆங்கிலமும் சரிசமமாகத் தடுமாறின. கருவியைச் செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. அதன் ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதின் காயிலை மூன்றாவதில். திரும்ப ஸ்டார்ட் செய்ததும் கோளாறு முதலாவதுக்கு இடம் மாறியது. அப்படியென்றால் ப்ளக் அல்ல, காயில்தான். பத்து நிமிட வேலை.

"காயில் பழசு, சூட்டில் போய்விட்டது. ஆனால் இவ்வளவு சூடு ஏன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கூலன்ட் குறையவில்லை, விசிறியும் சுற்றியது. முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்தவர் சிரித்துவிட்டார். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாமல் மறைத்துக்கொண்டு நின்ற ஓர் அட்டையை இழுத்து எடுத்தார். தமிழ்க்கடை மாம்பழப் பெட்டியின் மூடி. பனிக்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாக இப்படி அடைப்பார்களாம்.

அக்கா அதையே பார்த்தார். "விடிய வேலைக்குப் போகேக்க கால் விறைக்குது எண்டு சொல்லுவன். ஹீட்டர் கெதியாச் சூடாக ஏதோ வச்சிருக்கிறன் எண்டவர். என்னெண்டு நான் கேக்கேல்லை."

அட்டையைத் திருப்பினேன். மார்க்கரில் அண்ணையின் கையெழுத்து: 'ஏப்ரலில் கழட்டவும்.'

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும்தான். என்ன எழுதியிருக்கிறது என்று லுக் கேட்டார், சொன்னேன். அவர் போய், கராஜில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார்.

புதுக் காயில் வந்து பூட்டி முடியப் பகல் ஒரு மணியாகிவிட்டது. காயில் 92 டொலர், கூலி 70, வரி தனி. 1.30க்கு ரிகோவில் நின்றோம். அக்கா மெழுகுதிரி ஏற்றினார். நானும் ஒன்று ஏற்றினேன்.

போகிறவர்களுக்கு: பாலத்தை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கொதித்த காரின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். காயில் போனால் அதை மாற்றியதோடு நிறுத்தாமல், சூடு ஏன் வந்தது என்று கேளுங்கள், இல்லாவிட்டால் புதியதும் போகும். குளிருக்கு அட்டை வைக்கிற வீடு என்றால், எங்கே வைத்தீர்கள் என்று இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

திரும்பும்போது அக்கா நூறில் ஓடினார். வாசலில் நின்ற மகன், பின்சீற்றில் கிடந்த அழுக்கு அட்டையை எடுத்து ரீசைக்கிள் பெட்டிக்குள் போடப் போனான்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கார் பாக்க ஆள் வருதம்மா."

"வரவேண்டாம் எண்டு சொல்லு. அந்த அட்டையை எறியாதை, டிசம்பரில நான் போடவேணும்."