புளி போட்டுத் துலக்கிய கோது

எனக்குப் பத்து வயதாகும்வரை எங்கள் வீட்டில் எனக்குப் போட்டியாக யாரும் இருக்கவில்லை. ஒற்றைப் பிள்ளை. பாணின் கரை முனை இரண்டும் எனக்கு, பொரித்த மீனின் முட்டை எனக்கு, வாப்பா குடிக்கும் பிளேன்ரீயின் கடைசி மிடறும் எனக்கு. அந்தக் கடைசி மிடறுக்கு ஒரு முறை இருந்தது. வாப்பா வேண்டுமென்றே கோப்பையின் அடியில் கொஞ்சம் சீனியைக் கரைக்காமல் விட்டுவைப்பார். குடித்து முடித்ததும் என்னைப் பார்க்காமலே கோப்பையை என் பக்கம் நகர்த்துவார். ஊரில் வேறெந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வாப்பா இல்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மன்னார்ப் பக்கமிருந்து மாமியும் மாமி மகளும் வந்து சேர்ந்தார்கள். மாமி வாப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமி மகளுக்கு என் வயதுதான். அங்கே எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் இயக்கக்காரர்கள் வீடு வாசலை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். போட்டது போட்டபடி கிளம்பி, கடலில் இரண்டு நாள் கிடந்து, கற்பிட்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை. உம்மா அவர்களைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதா. வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் அழுதேன். அன்றைக்கு உண்மையாகவே அழுதேன் என்று இப்போதும் சத்தியம் செய்வேன். மறுநாள் காலையில் என் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமி மகள் முற்றத்தில் நின்றாள். அத்தோடு என் இரக்கம் வற்றிவிட்டது.

சட்டை போனால் போகட்டும், தலையணையில் பாதியும் போகட்டும். என் வேலையும் பறிபோகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. களப்புத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், காட்டோரமாக எங்களுக்குக் கச்சான் கடலை போட்ட சேனை நிலம். பன்றி வந்தால் ஒரே பொழுதில் ஒரு மூலையையே கிண்டிப்போட்டுவிடும். துவக்குக்கு அனுமதிப் பத்திரம் இருந்தது, தோட்டாதான் இல்லை. சண்டை தொடங்கிய பிறகு கடையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே வாப்பா சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பத்திரப்படுத்தி, வீட்டிலேயே திரும்ப அடைத்துக்கொண்டார். வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் உம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அதனால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எல்லாம் நடக்கும்.

வெடிமருந்து அடைக்கும் பக்கம் என்னை அண்டவிடமாட்டார். என் வேலை அதற்கு முந்தியது. ஒரு தடவை சுட்டால் கோது வீங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் திரும்பத் துவக்குக் குழலின் பின்வாய்க்குள் போகாது. புத்தளம் டவுனில் லேத் வைத்திருந்த ஒருவர் கடைந்து கொடுத்த தடித்த இரும்பு வளையம் ஒன்று இருந்தது. கோதில் தேங்காயெண்ணெயை விரல் நுனியால் பட்டும் படாமலும் தடவி, வளையத்தின் மேல் நேராக நிறுத்தி, மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறக்க வேண்டும். எண்ணெய் கூடினால் பித்தளையில் பள்ளம் விழும். கோது ஒரு நூல் சாய்ந்தாலும் ஒரு பக்கம் தேய்ந்து மறு பக்கம் வீக்கம் அப்படியே நிற்கும். வாப்பாவுக்குக் கிட்டத்துப் பொருள் மங்கலாகத் தெரியும், அதனால்தான் இந்த வேலை என்னிடம் வந்தது. நான் முடித்ததை அவர் ஒவ்வொன்றாக, துவக்குக் குழல் அளவிலான ஒரு குழாய்த் துண்டுக்குள் போட்டுப் பார்ப்பார். தானாக வழுக்கி விளிம்புவரை இறங்கினால் சரி. நான் செய்த பத்தில் மூன்று நான்கு இறங்காமல் நிற்கும். "பரவாயில்ல மகள், இன்னொருக்காத் தட்டு" என்பார்.

மாமி மகள் வந்த இரண்டாவது கிழமை பின்னறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கேட்காமலே உள்ளே வந்து, நான் முடித்து வைத்த ஒரு கோதை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினாள்.

"இது இன்னும் வீங்கித்தான் ஈக்கு மாமா."

வாப்பா குழாயில் போட்டார். இறங்கவில்லை. அவள் இன்னொன்றை உருட்டி, "இது சரி" என்றாள். அது இறங்கியது. அவளுடைய வாப்பா மவுத்தாகுமுன் சைக்கிள் கடை வைத்திருந்தாராம். சக்கர அச்சில் போடும் இரும்புக் குண்டுகளில் தேய்ந்தது எது, நல்லது எது என்று விரலால் தடவிப் பிரிப்பதுதான் சின்ன வயதிலிருந்து அவளுக்கு விளையாட்டாம். வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பிறகு வளையமும் சுத்தியலும் அவள் கைக்குப் போயின. கோதுகளில் படிந்த கரியைச் சாம்பலும் உலர்ந்த துணியும் கொண்டு துடைக்கும் வேலை எனக்கு. புளி போடக் கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. புளி பட்ட பித்தளையில் பச்சை பிடிக்குமாம். அவள் தட்டிய கோதுகளை வாப்பா முதலில் குழாயில் போட்டுப் பார்த்தார். பத்தும் இறங்கின. அடுத்த முறையும் பத்தும் இறங்கின. மூன்றாம் முறை குழாய்த் துண்டை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிட்டார். என்னுடையதை இரண்டு வருடமாக ஒன்று விடாமல் அளந்தவர் அவர். அன்று பின்னேரம் பிளேன்ரீ குடித்து முடித்ததும், யாரையும் பார்க்காமலே, கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் மேலே கூரையைப் பார்த்தேன். அவள் குடித்தாள்.

மறுநாள் எல்லோரும் லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரத்தில் நான் பின்னறைக்குள் போனேன். தட்டாத கோதுகள் கிடந்த டின்னிலிருந்து ஒன்றை எடுத்தேன். கரி பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்க்கப் பொறுமை இல்லை. குசினியில் கொஞ்சம் பழப்புளியைக் கிள்ளி, உம்மா பித்தளைப் படிக்கம் துலக்குவதுபோலத் துலக்கினேன். பளிச்சென்று வந்தது. அவள் முடித்து வைத்திருந்த எட்டில் ஒன்றை எடுத்து டின்னுக்குள் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான்: சேனையில் ஒரு தோட்டா வாய்க்குள் போகாது. வாப்பா வீட்டுக்கு வந்து, "இவட வேலையும் அவ்வளவுதான்" என்பார். குழாய்த் துண்டு அலுமாரியிலிருந்து இறங்கும். பன்றி என்ன செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து வாப்பாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கெண்டைக்காலில் ஆஸ்பத்திரிக் கட்டு. மஃரிபுத் தொழுகைக்கு முன்னரே பன்றிகள் இறங்கிவிட்டனவாம். முதல் வெடிக்கு மற்றவை ஓட, ஒன்று திரும்பிக்கொண்டு நேரே வந்திருக்கிறது. இரண்டாவது தோட்டா பாதி போய் இறுகிக்கொண்டது. உள்ளுக்கும் போகவில்லை, வெளியிலும் வரவில்லை. துவக்கை மடக்கக்கூட முடியாமல் அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் பன்றிக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பிறகு நெம்பி எடுத்து, உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிய கோதை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கதிரை மேல் வைத்தார்.

மாமி மகள் அதைக் கையில் எடுத்தாள். உருட்டினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இனி எல்லாம் வெளியே வரப்போகிறது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ட பிழை மாமா," என்றாள். "நான்தான் கவனிக்காம உட்டுட்டன்."

மாமி எழுந்து வந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தா. அவள் அழவில்லை. வாப்பா கையை நீட்டி மாமியைத் தடுத்தார். "அடிக்காத. அளக்காம அடைச்சது என்ட பிழை" என்று சொல்லி, அவளைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். எனக்கு ஆறுதலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. பிழையையும் அவளே எடுத்துக்கொண்டு, அதற்கும் தடவலை வாங்கிக்கொள்கிறாளே என்று அந்த நேரத்திலும் எரிந்தது. என்னை எந்தச் சாமானால் செய்தார்களோ தெரியாது.

மாமி அந்தக் கிழமையே கிளம்ப முடிவெடுத்துவிட்டா. ஆலங்குடாப் பக்கம் வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கிடுகுக் கொட்டில்கள் போட்டிருந்தார்கள். "இடம் தந்த ஊட்டுக்கு இனியும் பாரமா ஈக்க ஏலா நானா" என்று வாப்பாவிடம் சொன்னா. வாப்பா நொண்டிக்கொண்டே படலைவரை போய் மறித்தார். உம்மாவும் கெஞ்சினா. நான் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது மாமி மகள் என் பெருநாள் சட்டையை மடித்துப் பாயில் வைத்திருந்தாள். பின்னறைக்குப் போய் வளையத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"நேரா வெச்சுத் தட்டு. அவசரப்படாத," என்றாள். பிறகு மாமி தூரத்தில் நிற்கிறாவா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "புளி மட்டும் போடாத" என்றாள்.

போகிற போக்கிலும் பெரிய மனுசிபோலப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம். வாப்பாவின் கட்டளை எனக்குத் தெரியாதாக்கும்! வளையத்தோடு உள்ளே போய்விட்டேன். அன்று பின்னேரம் பிளேன்ரீக் கோப்பை என் பக்கம் நகர்ந்து வந்தது. அடியில் வழக்கத்தைவிடக் கூடச் சீனி. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வாப்பா குழாய்த் துண்டை மறுபடி இறக்கி, நான் தட்டியதை ஒவ்வொன்றாக அளந்தார். ஆலங்குடா எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம்தான். வாப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனார். கூட வரச் சொல்லிக் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றுவலி வந்தது.

கோதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் ஆனது. நான் கல்யாணம் முடித்துப் போன வீட்டில் ஒரு நாள், நான் உடைக்காத பீங்கான் ஒன்றை உடைத்தது நான்தான் என்று மாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்தவர் வீட்டில் இருக்கிறவள் அந்த வீட்டுப் பிள்ளையைக் கைகாட்ட முடியாது. பத்து வயதில் அது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் என் வாப்பாவின் வீட்டில் இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?