மறுபக்கத்துச் சுவர்

பந்தயக் கார் இன்ஜின்களைக் குடைந்து கொடுப்பதுதான் என் அண்ணனுக்குத் தொழில். அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை தன் காருக்குக் கூடுதல் குதிரைசக்தி கேட்டார். பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டலாம். ஆனால் அதற்கு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டு புதிதாக வர ஒரு மாதமாகும். பந்தயமோ ஞாயிற்றுக்கிழமை.

"சிலிண்டரையே இன்னும் அகலமா குடைஞ்சிடுங்க மாமா," என்றார்.

யாரோ எவரோ என்றால் சிலிண்டர் சுவரை நாலு பக்கமும் அளக்கிற மனுஷன், வீட்டு மாப்பிள்ளை காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல நின்றதால் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டார். பாழாய்ப்போன வார்ப்பில் மறுபக்கச் சுவர் மெலிந்திருந்தது. பந்தய ஓட்டத்தில் சுவர் பிளந்து, சூடு தணிக்கச் சுற்றி ஓடும் தண்ணீர் உள்ளே புகுந்து, இன்ஜின் வெடித்துச் சிதறியது. மாப்பிள்ளை பிழைக்கவில்லை.

பிறகு ஒருநாள் மகள் பட்டறைக்கு வந்தாள். அழவில்லை.

"மறுபக்கத்தையும் அளக்க எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்மா," என்றார் அண்ணன்.