அஞ்சலைக்குப் போட்ட ஸ்டேக்

1. கிரில்லில் முதல் நாள்

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. ஆரம்பத்தில் காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கிரில்லில், அதாவது கறி வாட்டும் அடுப்பில் நின்றவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டதால், ஒரு சனிக்கிழமை என்னைப் பிடித்து அங்கே நிறுத்தினார்கள்.

முதல் ஆர்டர் மீடியம் ரேர் ஸ்டேக், அதாவது கனமான மாட்டுக்கறித் துண்டு. வெளியே நன்றாகச் சிவந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். தட்டில் வைத்ததும் கறியிலிருந்து சிவப்பாக நீர் கசிந்தது. எனக்கு ஊர் தியாகதுருகம் பக்கம். மாட்டுக்கறி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மஞ்சளும் மிளகாயும் போட்டுக் குக்கரில் குழைய வேகவைப்பதுதான் எங்கள் பழக்கம். பச்சைக்கறியைக் கொடுத்துக் கெட்ட பேர் வாங்குவானேன் என்று மறுபடியும் நெருப்பில் போட்டுக் கருக்கி அனுப்பினேன். போன வேகத்தில் தட்டு திரும்பி வந்தது.

செஃப் கோலார் பக்கத்துத் தமிழர். கத்துவார் என்று நின்றேன். அவர் கறியை விரலால் அமுக்கிப் பார்த்தார். "அது ரத்தம் இல்லப்பா, கறியோட தண்ணி. அதத் துரத்திட்டீன்னா மிச்சம் செருப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பல தட்டுகளைக் கெடுத்துத்தான் வேலை கைக்கு வந்தது. கறியில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. கல் புகைய வேண்டும். போட்டபின் சும்மா சும்மா புரட்டக் கூடாது. எடுத்தவுடன் வெட்டாமல் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். இதற்கு ரெஸ்ட் விடுவது என்று பேர். வித்தை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

2. வெல்டன் கேட்கிறவர்கள்

உள்ளே சிவப்பே இல்லாமல் முழுக்க வேகவைத்தால் அது வெல்டன். அப்படிக் கேட்கிற கஸ்டமரை எந்தக் கிரில் சமையற்காரனும் மதிக்க மாட்டான். எங்கள் கிச்சனில் வால்பக்கத்து ஒல்லித் துண்டுகளை ஒரு டப்பாவில் ஒதுக்கி வைத்திருப்போம். வெல்டன் ஆர்டர் வந்தால் அதிலிருந்துதான் எடுப்போம். நாக்கு செத்தவனுக்கு எதைப் போட்டால் என்ன என்று பேசிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பில் நானும் உண்டு.

3. ஊருக்குத் திரும்பியபின்

வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். என் மனைவி அஞ்சலை அத்தனை காலமும் காலனி வீட்டிலேயே இருந்தவள். களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போய், இரண்டு பெண்களையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். நான் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகிற ஆள்தான். இனிமேல் ஒன்றாக இருப்போம் என்று வந்த வருஷமே அவள் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள்.

ஊசி ஏற்ற ஆரம்பித்தபின் வாய் முழுக்கப் புண். மிளகாய் வாடை பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். கஞ்சியைத் தள்ளினாள். முட்டை வாடைக்கு வாந்தி எடுத்தாள். எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் அடுத்த ஊசி போட முடியாது, கறி முட்டை கொடுங்கள், அரைவேக்காடு மட்டும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "மாமா, அந்த ஓட்டல்ல மொளகாயே இல்லாம இன்னாவோ சுடுவேன்னு சொல்லுவியே. அத எனக்குப் போட்டுக் குடேன்."

ஊரெல்லாம் என் ஸ்டேக்கைத் தின்றது. என் வீட்டு அடுப்பில் அது ஏறியதே இல்லை.

4. மஞ்சள் கறி

கள்ளக்குறிச்சிக் கறிக்கடைக்கு வருவது பெரும்பாலும் கல்வராயன் மலையில் ஏர் இழுத்து ஓய்ந்த மாடுகள். தொடைக்கறி பல்லுக்கு அடங்காது. முதுகெலும்புக்கு உள்பக்கமாக ஓடுகிற அண்டர்கட் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், அந்தச் சதைக்கு வேலையே கிடையாது. ஆனால் அது கடைக்கு வருமுன்பே சேலம் ஹோட்டல்களுக்குப் போய்விடும். யாருக்கு என்று கடைக்கார பாயிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டை மறைத்து வைத்திருந்து கொடுத்தார்.

வீட்டில் கறியை வைத்துவிட்டு வெண்ணெய் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். திரும்புவதற்குள் ஒத்தாசைக்கு வந்திருந்த என் அக்கா செல்லம்மாள் கறியை நான்கு தண்ணீரில் அலசி, மஞ்சளும் உப்பும் பிசறி, பாதியைச் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கிவிட்டிருந்தாள். எங்கள் ஊரில் கறி வந்தால் யார் வீட்டிலும் செய்வதுதான் அது. இனி அடுத்த ஞாயிறு கிடைக்குமோ கிடைக்காதோ. ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்றேன்.

"நோயாளிக்குக் குடுக்கறது. கழுவாத கறிய எவனாவது கல்லுல போடுவானாடா?" என்றாள் அக்கா. அவள் கேட்டதிலும் தப்பில்லை.

மிச்சம் இருந்தது உள்ளங்கை அளவு. பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். மஞ்சள் போகவில்லை. நறுக்கிய துண்டுகளை அக்காவே குக்கரில் போட்டுக்கொண்டாள்.

தோசைக்கல்லைத்தான் காய வைத்தேன். டாக்டர் சொன்னபடி முழுக்க வேக வேண்டும், புண் வாய்க்கு மெத்தென்றும் இருக்க வேண்டும். நாங்கள் கேலி செய்த அதே வெல்டன். டப்பாவிலிருந்து எதையோ எடுத்துப் போட்டே பழகிய கைக்கு, அதை நல்லபடியாகச் செய்ய வழி தெரியவில்லை. இரண்டு பக்கமும் சிவந்ததும் தீயைக் குறைத்து, வெண்ணெயை உருக்கி அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். இறக்கி, தட்டைக் கவிழ்த்து மூடி, ரெஸ்ட் விட்டுக் காத்திருந்தேன்.

மெல்லியதாக அரிந்து ஊட்டினேன். முதல் வாயை வெகுநேரம் வைத்திருந்தாள். துப்பிவிடுவாள் என்று சொம்பை எடுத்து நீட்டினேன். விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். அக்கா வாசலில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "இதுல உப்பும் வெண்ணெயுந்தான கீது. இதுக்கா என்ன வுட்டுட்டு இத்தினி வருஷம் அங்க கெடந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெண்களின் கல்யாணம், இந்த வீட்டுக் கூரைக்குப் போட்ட கான்கிரீட், கூலி வேலைக்கு இங்கே யார் என்ன கொடுத்தார்கள் என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாய் வாங்கிக்கொள் என்றேன். வாயைத் திறந்தாள்.

5. கடைசியாக

பாய் அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் கறி எடுத்து வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. எடை கொஞ்சம் ஏறி அடுத்த ஊசியும் போட்டார்கள். நோய்தான் கேட்கவில்லை. தை பிறக்குமுன் அஞ்சலை போய்விட்டாள்.

அந்த ஹோட்டல் கிரில்லில் நிற்கிற பிள்ளைகள் இப்போதும் போனில் பக்குவம் கேட்கிறார்கள். ஈரம், சூடு, ரெஸ்ட் எல்லாம் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். முதல் லீவுக்கு ஊருக்குப் போகும்போதே ஒரு நல்ல துண்டு வாங்கி, வீட்டில் இருப்பவளுக்குப் போட்டுக் கொடுங்கள். இதற்காகவா என்னை விட்டுப் போனாய் என்று அவள் கேட்டால் கேட்கட்டும். பதில் சொல்ல உங்களுக்கு நாள் இருக்கும்.